நிறுத்திக்கொள்ள ஓர் இடம்

சில மாதங்களாக இணையத்தில் படித்துக் குறித்து வைத்தவற்றை நேற்று மொத்தமாக எடுத்துப் பார்த்தேன். வடிவமைப்பு, எழுதும் கருவிகள், கைபேசிப் பழக்கம் என்று மூன்று கோப்புகளில் தனித்தனியே சேர்த்திருந்தேன். ஆனால் மூன்றிலும் ஒரே கேள்விதான் இருந்தது: ஒரு கருவி நம் கவனத்தை எடுத்துக்கொண்ட பிறகு அதை நம்மிடம் எப்போது திருப்பித் தருகிறது?

முதலில் சொல்ல வேண்டியது, மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றி. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த இவ்விருவரும் அதில் 'அமைதியான தொழில்நுட்பம்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதற்கு அவர்கள் காட்டும் சான்றுதான் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர், கூரையில் பொருத்திய சிறிய மோட்டாரிலிருந்து ஏறத்தாழ 8 அடி நீளமுள்ள பிளாஸ்டிக் இழை ஒன்றைத் தொங்கவிட்டு, அந்த மோட்டாரை அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் கம்பியோடு இணைத்தார். கம்பியில் தகவல் ஓடும்போதெல்லாம் மோட்டார் இலேசாகத் துடிக்கும். நெரிசல் மிகுந்தால் இழை ஓசையெழச் சுழலும். ஓய்ந்திருந்தால் சில நொடிகளுக்கு ஒருமுறை மெல்ல அசையும். நடைவழியின் மூலையில் தொங்கிய அந்த இழையின் ஓசையைக் கொண்டே, மேசையில் இருப்பவர் தலைநிமிராமல் நிலவரத்தை அறியலாம். வேண்டாதபோது அதை மறந்தும் இருக்கலாம். இன்றைய கைபேசி அறிவிப்புகளில் ஒன்றுகூட இந்த அளவுக்குப் பண்போடு நடந்துகொள்வதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரானது, 2006ஆம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லாத உருட்டல், அதாவது திரையைத் தள்ளத் தள்ள அடுத்தடுத்த பகுதிகள் தாமாகவே வந்துகொண்டிருக்கும் முறை. அடுத்த பக்கத்துக்குச் செல்லச் சொடுக்க வேண்டிய சிறு வேலையை நீக்கியபோது, 'போதுமா, இன்னும் வேண்டுமா' என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளும் அந்த நொடியும் சேர்ந்தே போய்விட்டது. பின்னாளில் ராஸ்கின் இதற்காக வெளிப்படையாக வருந்தினார். தொழில்நுட்பத்தை மனிதருக்கு இசைவாக மாற்றுவதற்காக 2018ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மையத்தின் இணை நிறுவனர்களில் அவரும் ஒருவர்.

அண்மையில் கண்டவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, 'லோ-டெக் மேகசின்' இதழ் 2018ஆம் ஆண்டில் தொடங்கிய, சூரிய ஆற்றலில் இயங்கும் இணையதளம். பார்சிலோனாவில் ஒரு சோலார் பலகையும் மின்கலமும் அதன் பக்கங்களை வாசகர்களுக்கு அனுப்பும் சிறிய கணினியான வழங்கியை இயக்குகின்றன. வானம் தொடர்ந்து மூடியிருந்தால் தளம் அணைந்துவிடும். பக்கத்தின் பின்னணி நிறமே மின்கலத்தின் அளவுகோல் என்பதால், இரவு வந்தாலோ வானிலை கெட்டாலோ அந்த நிறத்தின் உயரம் கீழிறங்குவதை வாசகர் பார்த்துக்கொண்டே படிக்கலாம். படங்கள் சில சாயல்களாலான புள்ளிகளாகச் சுருக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துக்கும் நம் உலாவியில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துருவே பயன்படுகிறது. சிக்கனத்துக்காகச் செய்த இவை அந்தத் தளத்துக்கே உரிய அழகாக அமைந்துவிட்டன.

எழுதும் கருவிகளில், 2010ஆம் ஆண்டில் ஐபேடுக்கு வந்த 'ஐஏ ரைட்டர்' செயலியின் குவிப்பு முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியம் தெளிவாக நிற்க, மற்றவை மங்கிப்போகும். வினைமுற்று கடைசியில் வரும் நம் மொழிக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. எழுவாயை எங்கோ விட்டுவிட்டு எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போனால், திரையில் மங்காமல் நிற்கும் பகுதி நீள்வதிலிருந்தே தவறு தெரிந்துவிடும். கோப்புகளை எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய உரையாக, தலைப்பு, அழுத்தம் போன்றவற்றைச் சிறு குறிகளால் காட்டும் மார்க்டவுன் முறையில் சேமிக்கிறேன்; ஜான் குரூபர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. முன்பு நான் பயன்படுத்திய ஒரு மென்பொருள் கைவிடப்பட்டதால் இரண்டாண்டுக் குறிப்புகளைத் திறக்க முடியாமற்போன வருத்தம் இன்னும் ஆறவில்லை. எளிய உரைக்கோப்பில் அந்த அச்சம் இல்லை.

பழக்கங்களைப் பொறுத்தவரை, கைபேசித் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். செயலிகளின் மூலையில் நிற்கும் சிவப்பு வட்டம் சாம்பல் நிறமானவுடன் அதன் அவசரம் குறைந்தது உண்மைதான். ஆனால் வரைபடமும் ஒளிப்படமும் பார்ப்பதற்காக நாளுக்குப் பலமுறை நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்ததால் மூன்று வாரங்களில் விட்டுவிட்டேன். மனிதர்கள் அனுப்புபவற்றைத் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் நிறுத்தியது நன்றாக உதவியது. அதைவிடவும் உதவியது, சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து வெளியே எடுத்தது. காலையில் அலாரம் அடித்தால் எழுந்து நடந்துபோய்த்தான் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டு, கைபேசியைக் கையில் எடுக்காமலேயே திரும்பும் நாட்களுக்கு உரைக்கோப்பில் ஒரு நட்சத்திரக் குறி இடுகிறேன். இந்த மாதத்தில் இதுவரை 11 குறிகள் சேர்ந்திருக்கின்றன.