கத்தியும் அனுமதியும்: அக்டோபர் குறிப்புகள்

செப்டம்பர் 30

சரணாலயக் கள ஆய்வுக்கான உபகரணப் பட்டியலில் ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் எழுதி முடித்தாயிற்று. தானியங்கிக் கேமரா, அளவு நாடா, மழைமானி, தார்ப்பாய், நைலான் கயிறு. கயிறு என்று எழுதும்போது கை சற்று நின்றது. அதற்கடுத்த வரி: "கத்தி - 1, அலகின் நீளம்". அதற்குமேல் வெற்றிடம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் துப்பாக்கி, வெடிபொருள், கண்ணி, வலை, நஞ்சு ஆகியவற்றோடு கத்தியும் நிற்கிறது. பென்சில் சீவுவதா, மரம் பிளப்பதா என்ற பேச்சே இல்லை. எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் அதைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்கிறது 31ஆம் பிரிவு. ஆகவே எந்தக் கத்தி என்று முடிவாகாமல் விண்ணப்பம் போகாது; விண்ணப்பம் போகாமல் ஆணை வராது. மழையோ வந்துகொண்டே இருக்கிறது.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. மாமா மண்வெட்டி, அரிவாள், பம்பு செட் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். ஆச்சி என் மடக்குக்கத்தியை எங்கிருந்தோ தேடி எடுத்து அந்த வரிசையில் சேர்த்திருந்தாள். நான் அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 2

தூக்கமில்லை. கீலில் மண். அவ்வளவுதான், கீலில் மண்.

அக்டோபர் 3

இரவு முழுக்க எஃகைப் பற்றியே வாசிப்பு. கடினமும் தாங்குதிறனும் ஒன்றையொன்று தின்கின்றன. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60ஐத் தாண்டிய அலகு கூர்மையை நெடுநாள் காக்கும். கல்லில் பட்டால் வெட்டும் வாயில் சில்லு பெயரும். 55 அல்லது 56இல் நிறுத்திய அலகு சீக்கிரம் மழுங்கும், ஆனால் அடி தாங்கும். ஆஸ்திரிய ராணுவத்துக்கென்று செய்த கிளாக் 78 கத்தி அந்த 55இன் அருகில்தான் இருக்கிறது. சிப்பாய் அதை நெம்புகோலாகவும் பயன்படுத்துவான் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள். மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். ஓடை நடுவே முறிந்தால்?

கே-பார் கத்தி மீது எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. 1942 நவம்பரில் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட 7 அங்குல அலகு. பசிபிக் தீவுகளின் சேற்றில் போர் முடியும்வரை உழைத்தது. அதன் எஃகில் கரிமம் ஏறக்குறைய 0.95 விழுக்காடு, குரோமியம் பெயருக்குத்தான். துருப்பிடிக்காமல் இருக்க அது குறைந்தது பத்தரை விழுக்காடாவது வேண்டும். பழைய வகையில் பிடியோ, தோல் வளையங்களை அடுக்கி இறுக்கியது. மேலே காட்டில் என் தோல் இடைவார் ஒரே வாரத்தில் பச்சைப் பூஞ்சை கட்டியது. மரைன் சிப்பாய்க்குக் கத்தி கெட்டால் கிடங்கில் இன்னொன்று கிடைக்கும். எனக்கு யார் தருவார்கள்?

கமாண்டோ குத்துவாள் என்று இன்னொன்று. ஷாங்காய் போலீசில் பணிபுரிந்த ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்ற இருவர் இரண்டாம் உலகப் போரின்போது வடிவமைத்தது. இருபுறமும் கூர். ஆளைக் குத்துவதற்கு அதைவிடப் பொருத்தமானது இல்லையாம். ஆனால் முதுகில்லாத கத்தியில் கட்டைவிரலை எங்கே ஊன்றுவது? கட்டையால் எங்கே தட்டுவது? போர்முனைக்கு உகந்தது என்ற பொருளில் 'டாக்டிகல்' என்று விற்கப்படுவதில் பாதி, இந்தக் குத்துவாளின் பேரப்பிள்ளைகள்தாம். அவற்றுக்கு எதிரி வேண்டும். எனக்கு இருக்கும் எதிரி ஈரம் மட்டுமே.

அக்டோபர் 5

மாமா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர் என்பதால் கத்தி விஷயத்தில் தம்மைக் கேட்காமல் இந்த வீட்டில் எதுவும் நடக்கக் கூடாது என்ற எண்ணம். "கருப்புச் சாயம் பூசி, முதுகில் நாலு பல் வெட்டி விட்டால் விலை மூன்று மடங்கு. அதுதான் பிள்ளை உன் டாக்டிகல்" என்றார். வடகிழக்கில் இருந்தபோது தம்மிடம் இருந்த கத்தி ரேஷன் டப்பா திறக்கவும் கயிறு அறுக்கவும்தான் பயன்பட்டதாம்.

பிறகு ஒன்று செய்தார். சமையலறைக் கத்தியின் வாயில் தடித்த அட்டையைச் சுற்றிக் கட்டி, என் கையில் சோப்பு நுரையைத் தடவி, "இறுக்கிப் பிடித்து மரப்பலகையில் குத்து" என்றார். குத்தினேன். பிடி அப்படியே நிற்க, என் விரல்கள் முன்னோக்கி வழுக்கி அட்டை மேல் போய் நின்றன. "அட்டை இல்லையென்றால் இப்போது நாலு விரலும் ஆஸ்பத்திரியில்" என்றார். ஆக, பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரலைத் தடுக்கும் ஒரு மேடு கட்டாயம். மழமழவென்ற மரப்பிடி ஆகாது. சொரசொரப்பு வேண்டும், ஆனால் நாள் முழுக்கச் செதுக்கினால் கொப்புளம் போடாத சொரசொரப்பு. இந்தப் பிடிகளில் பெரும்பாலானவை ஆண் கைக்கு அளவெடுத்தவை. என் சுண்டுவிரல் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். இதை எந்த விமர்சகரும் எழுதுவதில்லை.

அக்டோபர் 6

மேலே காட்டில் எனக்குத் துணையாக வரும் அண்ணாச்சியின் அலைபேசி தொடர்பு எல்லைக்கு வெளியே.

அக்டோபர் 7

இன்றும்.

அக்டோபர் 8

டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் தூண்டில், டார்ச் லைட், அதன் பக்கத்தில் கத்திகள். கடைக்காரர் மிகுந்த பெருமையோடு ஒன்றை எடுத்து நீட்டினார். முதுகு முழுக்க ரம்பப் பல். பிடியின் அடியில் ஒரு மூடி, திருகினால் திசைகாட்டி, அதற்குள் தீக்குச்சி, ஊசி, தூண்டில் நரம்பு. வெளிநாட்டுச் சரக்கு என்றார். பிடி உள்ளே காலி என்றால் அலகு எங்கே முடிகிறது என்று கேட்டேன். மூடிக்குள் எட்டிப் பார்த்தேன். பிடியின் வாயிலேயே, ஒரு திருகாணியில் முடிந்திருந்தது. அவ்வளவு பெரிய அலகையும் அந்தத் திருகாணிதான் சுமக்கிறது. கையில் பிடித்து லேசாக ஆட்டியதும் கடகடவென்று சத்தம். திசைகாட்டியா, திருகாணியா தெரியவில்லை.

அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓட வேண்டும். அதுவும் ஒரே துண்டாக, அலகின் அகலம் குறையாமல். இதில் எனக்கு இனி விவாதம் கிடையாது. பிடி உடைந்தாலும் துணியைச் சுற்றி வேலை பார்க்கலாம்.

கீல் இருக்கும் எதையும் இனி நம்ப மாட்டேன். ஈர மண் உள்ளே போய் உட்கார்ந்தால் பூட்டு பாதியில் நிற்கும். பாதியில் நிற்கும் கத்தி, கத்தியே இல்லை. கயிறு அண்ணாச்சியின் மணிக்கட்டில் இறுகிக்கொண்டிருக்கும்போது...

நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 9

எழுதவில்லை. அதற்குப் பதில், மேலே நான் உண்மையில் எதை அறுக்கிறேன் என்று யோசித்தேன். கயிறு. கேமரா கட்டும் பட்டை. தார்ப்பாய் முளைக்கு மூங்கில். மழையில் நனைந்த விறகின் உள்ளே இருக்கும் காய்ந்த பகுதிக்காகப் பிளப்பது. விழுந்த பழத்தைப் பிளந்து விதை பார்ப்பது. வெங்காயம். காலில் ஏறும் அட்டைக்குக் கத்தி வேண்டாம், உப்பும் புகையிலையும் போதும். வழியடைக்கும் கொடிகளுக்கு அண்ணாச்சியின் வெட்டுக்கத்தி இருக்கிறது. அந்த வீச்சை எந்த 7 அங்குலமும் தராது.

இதில் எதற்கும் நாலரை அங்குலத்துக்கு மேல் தேவையில்லை. 5 மில்லிமீட்டர் தடிமனும் தேவையில்லை. அவ்வளவு தடித்த அலகு விறகை நன்றாகப் பிளக்கும். பழத்தை அறுக்காது, நசுக்கும். முதுகில் ரம்பப் பல் இருந்தால் கட்டையால் தட்டும்போது கட்டை பிய்ந்துபோகும். வாயில் பல் இருந்தால் கயிற்றை விரைவாக அறுக்கும் என்பது உண்மை. ஆனால் அதைக் காட்டில் எளிதில் தீட்ட முடியாது. நன்றாகத் தீட்டிய நேர்வாய் ஈரக் கயிற்றையும் அறுக்கும். அறுக்க வேண்டும்.

அக்டோபர் 11

கொல்லுப்பட்டறைக்குப் போய் வந்தேன். மாமாவின் பிடிவாதம்: "லாரி வில்பட்டை இரும்பில் அடித்ததற்கு ஈடு எதுவும் கிடையாது." நான் போன நேரம் ஒரு பாளை அரிவாள் உலையில் இருந்தது. கொல்லர் செக்கச்சிவந்த வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்தார். முதுகில் சூடு மிச்சமிருந்தது. உடனே வாயைக் கல்லில் ஒரு தேய் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளையாக இருந்த பட்டையில் முதுகிலிருந்து சூடு இறங்க இறங்க நிறம் ஊர்ந்து வந்தது: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, அதன் பின்னாலேயே ஊதா. பழுப்பு வாயைத் தொட்ட அதே நொடியில் மறுபடியும் தண்ணீரில் முக்கினார். இன்னும் சற்று விட்டிருந்தால் நீலம் வந்திருக்கும், வாய் மெத்தென்று போயிருக்கும். வைக்கோல் நிறத்துக்கும் நீலத்துக்கும் இடையே ஏறக்குறைய 70 டிகிரிதான் வித்தியாசம். அவரிடம் வெப்பமானி இல்லை. கண்.

ஆசையாகத்தான் இருந்தது. என் தேவையைச் சொன்னேன். எத்தனை நாள் நனையும் என்று கேட்டார். எல்லா நாளும் என்றேன். அவர் சிரித்தார். "தினமும் எண்ணெய் போடுவீர்களா, அம்மா? இந்த இரும்பில் ஒரே ராத்திரியில் துரு ஏறும். துருப்பிடிக்காத இரும்பை என்னால் அடிக்க முடியாது. அதற்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூட்டை அளந்து நிறுத்த வேண்டும். என் உலை அதற்கு அடங்காது." தம் வியாபாரத்தைத் தாமே கெடுத்துக்கொண்ட மனிதரிடம் வீட்டுக்கு ஒரு அருவாமனை வாங்கி வந்தேன்.

மாமா என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 12

பெங்களூரு அக்காவிடம் அரை மணி நேரம் பேசினேன். சுவீடன் நாட்டு மோரா, கார்பெர்க் என்ற வகை, அவரிடம் சும்மா இருக்கிறதாம். 109 மில்லிமீட்டர் அலகு, 3.2 மில்லிமீட்டர் தடிமன். இரும்பு பிடியின் கடைசிவரை ஓடி, அடியில் வெளியே தெரிகிறது. துருப்பிடிக்காத எஃகு. வாயின் சரிவு ஒரே தட்டை என்பதால் அப்படியே கல்லில் படுக்க வைத்துத் தீட்டலாம். கோணம் பார்த்துத் தடுமாற வேண்டாம். முதுகு சதுர விளிம்பு. விரல் தடுப்பு மேடு சிறியதுதான், மாமாவின் சோப்புத் தேர்வில் ஐந்துக்கு மூன்று தேறும்.

உறை தோலா என்று கேட்டேன். பிளாஸ்டிக்கும் உண்டு, அதையே அனுப்புகிறேன் என்றார். தோல் உறை நீரைக் குடித்து வைத்துக்கொண்டு அலகை உள்ளேயே ஊறப்போடும். பிளாஸ்டிக்கை ஓடையில் அலசி உதறிவிடலாம். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழக் கூடாது. ஆனால் ஒற்றைக் கையால் உருவ வர வேண்டும். ஒற்றைக் கை. எந்தக் கையானாலும்.

அக்டோபர் 13

விண்ணப்பம் போய்விட்டது. "கத்தி - 1, மடங்காதது, அலகு 109 மி.மீ., ஒருபுறக் கூர், கள ஆய்வுப் பயன்பாட்டுக்கு." 'டாக்டிகல்' என்ற சொல்லைப் பக்கத்தில்கூட வரவிடவில்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திதான் கணக்கில் வருகிறது. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. என்னுடையது அதில் பாதி நீளம்கூட இல்லை. இருந்தாலும் கோப்பைப் படிப்பவர் மனத்தில் சினிமா ஓடக் கூடாது.

அக்டோபர் 16

அண்ணாச்சி தாமே அழைத்தார்! சிக்னலுக்காகக் காரையாறு வரை இறங்கி வந்திருக்கிறார். கை எப்படி என்று கேட்டேன். "மூன்று விரல் மடங்குகிறது, மற்ற இரண்டும் யோசிக்கிறது" என்று சிரித்தார். வெட்டுக்கத்தியை இடக்கைக்கு மாற்றிப் பழகிக்கொண்டிருக்கிறாராம். நான் கத்தி பற்றி ஆரம்பித்தேன். எஃகு, தடிமன், உறை எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு எதற்கு அம்மா, நான்தான் கூட வருகிறேனே" என்றார்.

அக்டோபர் 17

காலையிலிருந்து எல்லோர் மேலும் எரிச்சல். ஆச்சி காபி தந்தால்கூட. அவர் கூட வருவார் என்பதற்காகத்தான் எனக்கு ஒரு கத்தி வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

அக்டோபர் 20

தீபாவளி. மழை. வெடி எதுவும் வெடிக்கவில்லை.

அக்டோபர் 21

கூரியர் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டதாம். மாமா மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டார். 3.2 மில்லிமீட்டர் என்றதும், "அது கத்தியா, தகடா?" பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறையில் மாட்ட இரண்டு வளையம் செய்து வைத்திருக்கிறார். ஈரத்திலும் தீப்பிடிக்கும், பற்றவைக்கப் பயன்படும் என்கிறார். நல்ல யோசனைதான். அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 23

கனவில் கயிறு. அறுந்தது.

அக்டோபர் 24

ஆணை வந்துவிட்டது. நிபந்தனைகளில் ஏழாவது: பட்டியலில் குறித்த கத்தி தவிர வேறெதுவும் கொண்டுசெல்லக் கூடாது. ஜீப் நாளை காலை ஐந்து மணிக்கு. அதை விட்டால் ஓடை வடிந்த பிறகுதானாம். கத்தி மதுரையில், ஏதோ கிடங்கில் இருக்கிறது. திங்கட்கிழமைக்கு முன் வராது என்கிறார்கள். மாமாவிடம் சொன்னதுதான் தாமதம், சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார். இந்த மழையில் வேண்டாம் என்று வாசல்வரை ஓடினேன். ரசீது எண் என்ன என்று மட்டும் கேட்டார். அதை அனுப்பிவிட்டு மீதி எழுதுகிறேன்.