தவழும் கண்ணனை முறை வைத்துப் பார்த்தோம்

வேண்டுதல் என்னுடையது. அதைச் செலுத்தப் போனது ஐந்து பேர். அதில் ஒருவனுக்கு மூன்று வயது, ஒருத்திக்குப் பத்து மாதம்.

நான் மதுரைக்காரி. மகள் வீடு பெங்களூரில், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம். பேத்தி பிறக்கிற சமயத்தில் வந்தவள் இன்னும் ஊர் திரும்பவில்லை. டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே பிறந்துவிட்டாள் அவள். ஒன்றரைக் கிலோ. 18 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். தாய் தகப்பனைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. நான் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருப்பேன். பக்கத்து நாற்காலியில் மண்டியாவிலிருந்து வந்த ஓர் அம்மா. அவருடைய பேரனும் உள்ளே. அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குக் கன்னடம் அதைவிட மோசம். ஆனாலும் பேசினோம். தொட்டமளூரில் அம்பெகாலு கிருஷ்ணன் இருக்கிறான் என்றார். அம்பெகாலு எனக்குப் புரியவில்லை என்றதும், தன் இரண்டு கைகளையும் தொடையில் மாற்றி மாற்றி ஊன்றிக் காட்டினார். தவழ்வது. பிள்ளை வரம் கேட்பவர்கள் அங்கே தொட்டில் நேர்ந்துகொள்வார்களாம். எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. மரத்தொட்டில் ஒன்று கொண்டுவந்து வைக்கிறேன், பிள்ளையை வீட்டுக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டேன்.

அனுப்பிவிட்டான். நான்தான் பத்து மாதம் கடன் வைத்துவிட்டேன். முதலில் கிருமி பயம், அப்புறம் மழை, அப்புறம் தடுப்பூசிக் காய்ச்சல், அப்புறம் பேரனுக்குச் சளி. சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நல்ல நாள் பஞ்சாங்கத்தில் வருவதில்லை. இரண்டு பேருக்கும் மூக்கு ஒழுகாத நாள்தான் நல்ல நாள்.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த இன்னொரு கவலையும் இருந்தது. பேத்தி இன்னும் தவழவில்லை. குறைமாதக் குழந்தைக்கு வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கில் அவளுக்கு எட்டு மாதம்தான். எட்டு மாதத்தில் தவழாதது ஒரு குறையே இல்லை. சரி, மூளைக்குப் புரிகிறது. எதிர் ஃபிளாட்டுக் குழந்தை தவழ்ந்து லிஃப்ட் வரைக்கும் போகும்போது மனசுக்குப் புரியவில்லையே.

தொட்டமளூர் மைசூர் ரோட்டில், சென்னபட்டணத்தைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து மொத்தமே 60 கிலோமீட்டர் சொச்சம். மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு டவுன் பஸ் மாதிரி போய்வந்தவள் நான். இதற்கு மகள் மூன்று நாளாக மூட்டை கட்டினாள். டயப்பர், மாற்று உடுப்பு மூன்று செட், வெந்நீர் ஃபிளாஸ்க், ராகிக் கூழ், ஒரு தார்ப்பாய். தார்ப்பாய் எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்மா" என்றாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கென்று வாங்கிய சீட்டில்தான் உட்கார வேண்டும் என்றார் அவர். "அத்தை, அறுபதுல போகும்போது பிரேக் அடிச்சா எந்தக் கையும் தாங்காது. உங்க கைன்னு இல்ல, என் கையும்தான்." அந்தச் சீட்டை முன்னால் வைக்கக் கூடாதாம், ஏர்பேக் விரிந்தால் அதுவே பிள்ளையை அடித்துவிடுமாம். பின்சீட்டில், பின்பக்கம் பார்த்த மாதிரி கட்டினார். இன்னொரு ஓரத்தில் பேரனுடைய சீட். இரண்டு சிம்மாசனங்களுக்கும் நடுவில் மிச்சம் இருந்த ஒரு சாண் இடம் எனக்கு.

ஐந்து மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். பெங்களூரைச் சுற்றிப் போகிற நைஸ் ரோட்டில் ஏறியதும் பேத்தி தூங்கிவிட்டாள். பிடதியில் தட்டை இட்லி. தட்டளவு அகலம், நடுவில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. பேரன் வெண்ணெயை மட்டும் நக்கிவிட்டு இட்லியை என் பக்கம் தள்ளினான். மகள் காரிலேயே பேத்திக்குப் பால் கொடுத்தாள்.

அங்கிருந்து பழைய ரோட்டிலேயே போயிருக்கலாம். பிள்ளை தூங்கும்போதே ஓட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினார். 2023-இல் திறந்த ரோடு, வழுக்கிக்கொண்டு போகிறது. சிக்கல் என்னவென்றால், அது ராமநகரம், சென்னபட்டணம் எதற்குள்ளும் போகாமல் ஊர்களைச் சுற்றிக்கொண்டு போகிறது. ராமநகரத்துப் பாறை மலைகளைக் காட்டி, "அந்தா பாரு, யானை உக்காந்திருக்கு" என்று பேரனுக்கு நான் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, "அம்மாச்சி, உச்சா" என்றான். அந்த ரோட்டில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. காலி தண்ணீர் பாட்டில் உதவியது. முக்கால்வாசி பாட்டிலுக்குள்ளும் மிச்சம் என் புடவையிலும். தார்ப்பாய் எதற்கென்று புரிந்தது. இந்தக் களேபரத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம். வெகுதூரம் போய் இறங்கி, பழைய ரோட்டில் திரும்பி வந்தோம். மடி ஆசாரமெல்லாம் பார்த்துத்தான் காலையில் நாலரைக்கே குளித்திருந்தேன்.

கோயில் சோழர் காலத்தது என்கிறார்கள். மூலவர் அப்ரமேயர். அளவிட முடியாதவன் என்று அர்த்தம். நாற்பது வருஷமாக சகஸ்ரநாமத்தில் வாய் சொல்லிக்கொண்டு போன பெயர். அதற்கு ஒரு முகமும் ஊரும் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ராமரே வழிபட்டதாக ஐதீகம், அதனால் ராமாப்ரமேயர் என்றும் சொல்வதுண்டு. தாயார் அரவிந்தவல்லி. ஆனால் கூட்டம் போகிற திசை வேறு. பிராகாரத்தில் தனிச் சன்னதியில் இருக்கிற நவநீத கிருஷ்ணனைப் பார்க்கத்தான் எல்லோரும் கைக்குழந்தையோடு நிற்கிறார்கள்.

வாசல் கடையில் சின்ன மரத்தொட்டில் ஒன்று வாங்கினேன். ஒரு நிமிடம் பிடி என்று பேரனிடம் கொடுத்தது என் தப்பு. நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சாமிக்கு என்றேன். "என்னோடது." கெஞ்சினேன், மிட்டாய் காட்டினேன். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. பத்து மாதமாக அவனுடைய பொருளையெல்லாம் ஒரு பாப்பாவுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டு இருக்கிறான். திரும்பிப் போய் இன்னொரு தொட்டில் வாங்கினேன். கடைக்கார அம்மா சிரித்தார். நாங்கள் முதல் ஆள் இல்லை போலிருக்கிறது.

வரிசை நீளம், பேத்தி சிணுங்கல். எல்லோரும் ஒன்றாக நின்று கும்பிடுவது நடக்காது என்று தெரிந்துவிட்டது. முறை வைத்துக்கொண்டோம். முதலில் நானும் பேரனும்.

நான் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். கண்ணன் சின்னதாக இருக்கிறான். முழங்கால் ஊன்றித் தவழ்கிற கோலம், வலது கையில் வெண்ணெய் உருண்டை, முகம் லேசாகத் திரும்பியிருக்கிறது. புரந்தரதாசர் இங்கே வந்தபோது கதவு சாத்தியிருந்ததாம். அவர் வெளியே நின்று ‘ஜகதோத்தாரண’ பாட, யார் பாடுகிறார்கள் என்று கண்ணன் தலையைத் திருப்பிப் பார்த்ததாகக் கதை. அர்ச்சகர் இதை எங்களுக்காகத் தமிழிலேயே சொன்னார். எனக்கு அந்தக் கை மட்டும்தான் கண்ணில் நின்றது. ஒரு கையில் தின்பண்டத்தைப் பிடித்துக்கொண்டு தவழ்கிற பிள்ளைக்கு இன்னொரு கையில் எவ்வளவு பலம் வேண்டும்! பேரன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு தன் தொட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டான்: "அம்மாச்சி, இந்தப் பாப்பாவும் எடுத்துக்குமா?" வரிசையே சிரித்தது. நான் என் தொட்டிலை அர்ச்சகரிடம் கொடுத்தேன். வாங்கி வைத்தார். அவ்வளவுதான். பத்து மாதமாக மனதில் எழுதி வைத்திருந்த பிரார்த்தனையில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

அடுத்து மகள், பேத்தியைத் தூக்கிக்கொண்டு. திரும்பி வந்ததும் மண்டபத்து நிழலில் துண்டை விரித்துப் பிள்ளையைக் குப்புற விட்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். கையை ஊன்றி, செங்கீரை ஆடுகிற மாதிரி தலையை நன்றாகத் தூக்கினாள். உந்தினாள். பின்னால் போனாள். மறுபடி உந்தினாள், இன்னும் பின்னால். சன்னதியைப் பார்த்தபடியே ரிவர்ஸில் துண்டை விட்டே வெளியே போய்விட்டாள். "நிறைய பிள்ளைங்க முதல்ல இப்படித்தான்மா போகும். இவ ரெண்டு நாளா வீட்ல இப்படித்தான் போறா, நீ சமையல்கட்டுல இருந்த" என்றாள் மகள். என் கவலை அவளுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

கடைசி முறை மாப்பிள்ளை. அவருக்குக் கோயில் குளத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. காரோட்டி வந்ததே எனக்காகத்தான். பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று போனார். அரை மணி ஆயிற்று. அந்த 18 நாளில் ராத்திரி முறை அவருடையது. கங்காரு மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, பிள்ளையை வெறும் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். கதவுக் கண்ணாடி வழியாக நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவராகவே, "நல்லா இருந்துச்சு அத்தை" என்றார்.

திரும்பும்போது சென்னபட்டணத்தில் பொம்மை வாங்குவதாக இருந்தோம். நம் ஊரில் தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சுகிற வெட்பாலை மரம்தான், அதைக் கடைந்து அரக்கில் சாயம் ஏற்றுகிறார்கள். கடை கடையாக வண்ணம் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். வண்டி நின்றால் விழித்துவிடும் என்பது எங்கள் வீட்டில் அனுபவ பாடம். நிறுத்தவில்லை. பேரன் கையில் தொட்டில், தொட்டிலுக்குள் அவனுடைய ஒரு செருப்பு.

பிடதி வந்தது. மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, "அத்தை, காபி?" என்றார். காபி என்ன, எனக்கு இறங்கியே ஆக வேண்டும் போலத்தான் இருந்தது. இடது பக்கம் ஒரு தலை, வலது பக்கம் ஒரு தலை. ஓட்டுங்க என்று கையைக் காட்டினேன்.