நைட் டியூட்டியிலிருந்து மருந்துச் சீட்டு வரை

"அக்கா, அமெரிக்காவில் மனநலப் பிரிவில் நர்ஸே மருந்து எழுதலாமாமே, நிஜமா?" ஊரிலிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகளில் பாதி இதுதான். நிஜம்தான். சைக்கியாட்ரிக் நர்ஸ் ப்ராக்டிஷனர் என்று பெயர். நோயாளியைப் பார்த்து, நோய் இன்னதென்று முடிவு செய்து, மருந்தும் எழுதுவோம். ஆனால் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்து இரண்டு வருஷத்தில் பிடித்துவிடலாம் என்று விளம்பரம் பார்த்து இறங்காதீர்கள். மனநல வார்டில் நின்று பழகாமல் இந்த வேலைக்கு வருவது ஆபத்து என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பி.எஸ்சி. நர்சிங் படிக்கும்போது மனநலப் போஸ்டிங்குக்குக் கீழ்ப்பாக்கம் போனோம். ஆமாம், கிண்டலுக்குச் சொல்வார்களே, அதே கீழ்ப்பாக்கம். அந்த மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியது என்பதெல்லாம் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்காகப் படித்தது. பெண்கள் வார்டில் ஒரு அம்மா, தன் ஊருக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்தெந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று வரிசையாகச் சொல்லுவார். குணமாகி வெகு நாளாயிற்று, கூட்டிப் போகத்தான் ஆள் வரவில்லை. கூட வந்த பிள்ளைகள் போஸ்டிங் முடிந்தால் போதும் என்றிருந்தார்கள். எனக்கு என்னவோ அந்த வார்டு பிடித்துப்போயிற்று. வீட்டில் சொன்னேன். "வெளியில ஐ.சி.யூ.ன்னு சொல்லு, மாப்பிள்ளை வீட்டுக்கு அதுதான் சரிப்படும்" என்றாள் அம்மா.

மாப்பிள்ளை ஐ.டி.யில் அமைந்தார், வேலை விசாக்காரரின் மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் ஹூஸ்டன் வந்து சேர்ந்தேன். கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால் மனைவியும் வேலை பார்க்கலாம் என்று 2015-ல் விதி வந்ததால்தான் எனக்கு வழி பிறந்தது. முதல் வேலை, வெளிநாட்டு நர்ஸ்களின் படிப்பைச் சரிபார்க்கும் சி.ஜி.எஃப்.என்.எஸ். அமைப்பிடம் என் படிப்பை மதிப்பிட்டு வாங்குவது. மார்க் ஷீட்டை நாம் அனுப்ப முடியாது, கல்லூரிதான் நேரடியாக அனுப்ப வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் என் ஃபைல் மேசை மாறி மேசை போய்க்கொண்டே இருந்தது. அப்பா நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் கவர் கிளம்பியது. நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சை பற்றி யூடியூபில் ஆயிரம் பேர் பேசுகிறார்கள், நான் வேறு பேச வேண்டாம்.

ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் வந்ததும் ஒரு மனநல மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி. ஷூ லேஸ், பெல்ட், ஹூடியின் நாடா எல்லாவற்றையும் அட்மிஷனிலேயே வாங்கி வைத்துவிடுவோம். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் கண்ணால் பார்த்து டிக் போட வேண்டும். தூங்குகிறவர் என்றால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். மாத்திரை கொடுத்தால், விழுங்கினாரா, கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டாரா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்போம்.

ஒரு ராத்திரி, மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் ஊசி போட்டிருந்த ஒரு பையன் காரிடாரில் நடந்துகொண்டே இருந்தான். முரண்டு பிடிக்கிறான், இன்னொரு டோஸ் தேவைப்படலாம் என்று முந்தின ஷிஃப்ட் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. உட்காரச் சொன்னேன், மறு பேச்சில்லாமல் உட்கார்ந்தான். ஆனால் இரண்டு கால்களும் நிற்கவில்லை. மாறி மாறித் தரையைத் தட்டிக்கொண்டே, கையால் முட்டியை அமுக்கிப் பிடித்தான். கோபமும் இல்லை, முரண்டும் இல்லை. அந்த மருந்தே கொடுக்கிற தவிப்பு, அக்கதீசியா. மறுபடியும் ஊசி போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். ஆன்-கால் டாக்டரம்மாவை எழுப்பினேன். ஊசியை நிறுத்தி, அந்தத் தவிப்பை அடக்க ப்ரொப்ரனலால் கொடுக்கச் சொன்னார். மறுநாள் டியூட்டிக்குப் போனால், பையன் உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறான்.

இப்படிச் சில வருஷம் போன பிறகுதான் எம்.எஸ்.என்., அதாவது நர்சிங் முதுகலை, சேர்ந்தேன். பாடங்கள் கடினம்தான், ஆனால் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். நோயாளிகளோடு பயிற்சி தரும் ப்ரிசெப்டர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. சான்றிதழ்த் தேர்வு எழுத, மேற்பார்வையில் குறைந்தது 500 மணி நேரம் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். படிப்பை நடத்தும் ஸ்கூல்களுக்கு 2022-ல் வந்த தேசியத் தரநிலைகளோ 750 மணி நேரம் கேட்கின்றன. அதில் குழந்தை முதல் முதியவர் வரை எல்லா வயதினரும் இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தரும் அந்த ஆளை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று பல ஸ்கூல்கள் கையை விரித்துவிடும். ஃபீஸில் மட்டும் ஒரு டாலர் குறையாது. ஆள் பிடித்துத் தருகிறோம் என்று காசு வாங்கும் ஏஜென்சிகள் வேறு முளைத்திருக்கின்றன. கிளினிக் கிளினிக்காக மெயில் போட்டேன், பதிலே இல்லை. கடைசியில் கைகொடுத்தது, நடுராத்திரியில் நான் எழுப்பித் தொல்லை கொடுத்த அதே டாக்டரம்மா. "எதற்குக் கூப்பிடுவாய், எதற்குக் கூப்பிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். வா" என்றார். குழந்தைகள் பிரிவுக்கும் அவரே தன் தோழியிடம் சொல்லிவிட்டார்.

அந்தச் சான்றிதழைத் தரும் ஏ.என்.சி.சி. அமைப்பின் தேர்வில் நான் எழுதியபோது 175 கேள்விகள். அதில் 25-க்கு மதிப்பெண் கிடையாது, எந்த 25 என்றும் தெரியாது. லித்தியத்தின் ரத்த அளவு, க்ளோசபினுக்கு வெள்ளையணுக் கணக்கு, லாமோட்ரிஜினை அவசரப்பட்டு ஏற்றினால் வரக்கூடிய ஆபத்தான தோல் கொப்புளம், இந்த மனநல மருந்து விவரமெல்லாம் வார்டில் கண்ணால் பார்த்தவளுக்கு மனப்பாடம் தேவைப்படவில்லை.

பாஸானதும் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடாது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அரிசோனாவிலோ வாஷிங்டனிலோ தனியாகவே கிளினிக் நடத்தலாம். நான் இருக்கும் டெக்சஸில் ஒரு டாக்டரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால்தான் மருந்து எழுத முடியும். அடிமையாக்கக்கூடிய கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு, போதைப்பொருள் தடுப்புத் துறையான டி.இ.ஏ. தரும் எண் தனி. அது இருந்தாலும், கவனக்குறைவுக் கோளாறான ஏ.டி.ஹெச்.டி.க்குத் தரும் அடெரால், ரிட்டாலின் மாதிரி, கடுமையான கட்டுப்பாடுள்ள இரண்டாம் அட்டவணை மருந்துகளை வெளி கிளினிக்கில் நான் எழுத முடியாது. மணிக்கணக்கில் பேசிப் பார்த்து முடிவு செய்வது நான், கையெழுத்து டாக்டருடையது. இதில் எனக்கு எரிச்சல் உண்டு. அதற்காக, படித்து வெளியே வந்த அன்றே எல்லாரையும் தனியாக விடுங்கள் என்பவர்கள் பக்கமும் நான் இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக நம்மைப் பட்டியலில் சேர்க்கவும் மாதங்கள் ஆகும். அதுவரை கிளினிக்கில் நாற்காலி உண்டு, நோயாளி இல்லை. வார்டு வேலையை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

இப்போது வழக்கமாக வருகிறவருக்கு இருபது, முப்பது நிமிஷம்தான். போன மாதம் ஒரு பெண் பதற்றம் கூடிவிட்டது, மாத்திரையை ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். ஹாலோபெரிடால் வகையைச் சேர்ந்த அரிப்பிப்ரசோல் தொடங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. மேசைக்குக் கீழே பார்த்தேன், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களாலும் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏற்றவில்லை, குறைத்தேன்.

ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமா முடித்தவர்கள் முதலில் அதை பி.எஸ்.என். பட்டமாக ஆக்கிக்கொள்ளுங்கள், அதற்கு பிரிட்ஜ் கோர்ஸ் இருக்கிறது. எம்.எஸ்.என். சேருவதற்கு முன்னால், ப்ரிசெப்டர் பிடித்துத் தருவது யார் பொறுப்பு என்று ஸ்கூலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது.