செயலாளர் பொறுப்பில் ஐந்து மாதம்

ஜூன் 16, 2024, ஞாயிறு

இன்று பொதுக்குழு. திருச்சியில் உள்ள எங்கள் கட்டுமானப் பொறியாளர் சங்கக் கிளைக்கு இந்த ஆண்டு நான் செயலாளர். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டு எண்ண வேண்டியிருந்தது. செயலாளர் பதவிக்கு மனு கொடுத்தது நான் மட்டும்தான். விரும்பித்தான் கொடுத்தேன்.

பதினான்கு வருடமாக உறுப்பினராக இருக்கிறேன். மாதம் ஒரு கூட்டம் நடக்கும். சிமென்ட் கம்பெனியோ, டைல்ஸ் கம்பெனியோ, நீர்க்கசிவைத் தடுக்கும் ரசாயனம் விற்பவர்களோ வந்து படம் போட்டு விளக்குவார்கள். கேள்வி கேட்போம், சாப்பிடுவோம், கலைவோம். அதிலும் பயன் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட எழுந்து "என் சைட்டில் இந்தத் தவறு நடந்தது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியது என்னிடம் ஒன்று இருக்கிறது, 2011-லிருந்து.

1818-இல் லண்டனில் ஒரு காபிக் கடையில் சில இளம் பொறியாளர்கள் கூடித்தான் உலகின் முதல் தொழில்முறைப் பொறியாளர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெரிய பெயர் உள்ளவர் யாரும் அப்போது அவர்களோடு இல்லை. இரண்டு வருடம் கழித்துத்தான், பாலங்களும் சாலைகளும் கட்டிப் பெயர்பெற்ற தாமஸ் டெல்ஃபோர்ட் தலைவராக வந்தார். ஒருவர் கற்றதை இன்னொருவருக்குச் சொல்வதுதான் அவர்கள் எண்ணம். நம் நாட்டில் இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920-இல் பதிவானது சென்னையில்தான். அதெல்லாம் பெரிய அமைப்புகள், நம்முடையது நூற்றுச் சொச்சம் பேர் உள்ள கிளை. இருந்தாலும் கூடுவதற்கான காரணம் ஒன்றுதானே?

ஜூலை 6, சனி

மாதக் கூட்டத்துக்கு முன்னால் செயற்குழு கூடியது. என் யோசனையை வைத்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி அரை மணி நேரம் நம் சொந்த சைட்டில் தவறாகப் போனதைப் பேச வேண்டும். வீட்டுக்காரர் பெயர், ஊர், மேஸ்திரி பெயர் எதுவும் வெளியே வரக்கூடாது. செல்போன் எல்லாம் மேஜை மேல் இருக்க வேண்டும். வாட்ஸாப் குழுவில் ஒரு வரிகூட வரக்கூடாது.

துணைத் தலைவர் நேராகவே கேட்டார். "மேடம், நம்ம தப்பை நாமே சொன்னா நாளைக்கு யார் வேலை கொடுப்பாங்க? ஊர்ல போட்டி எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

நியாயமான கேள்வி. சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைத்துச் சொன்னால் வேலை கை மாறிவிடும் ஊர் இது. ஒருவருடைய தவறு இன்னொருவருக்கு விளம்பரம் ஆகிவிடக்கூடாதுதான்.

பிரிட்டனில் 2005 முதல் கட்டடப் பாதுகாப்புப் பிழைகளைப் பெயர் வெளிவராமல் எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு இருப்பதைச் சொன்னேன். வந்ததைப் படித்து, அடையாளங்களை நீக்கி, பாடத்தை மட்டும் எல்லோருக்கும் வெளியிடுகிறார்கள். பொருளாளர் உடனே, "அப்ப ஒரு பெட்டி வச்சிடலாமே" என்றார். சரி, முதலில் பெட்டி, பேச்சு அக்டோபரில் என்று முடிவானது. அதற்குள் ஒருவருக்கொருவர் கொஞ்சம் நம்பிக்கை வரட்டும் என்று தலைவர் சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஜூலை 28, ஞாயிறு

கொத்தனார்களுக்கு அரை நாள் பயிற்சி. முப்பது பேர் வந்தார்கள், அதில் ஆறு பேர் பெண்கள். சித்தாளாகவே இருபது வருடம் வேலை பார்த்தவர்கள், கலவை போடுவது இவர்கள் கையில்தான் இருக்கிறது. இவர்களை அழைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

ஒரே கலவை, இரண்டு விதத் தண்ணீர். ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. ஒன்றில் மூட்டைக்கு 25 லிட்டர் அளந்து ஊற்றினோம். இன்னொன்றை "வழக்கமாக எப்படிப் போடுவீர்களோ அப்படியே போடுங்கள்" என்று அவர்களிடமே விட்டோம். வாளிக் கணக்கில் ஊற்றியதை நாங்கள் ஓரமாக எண்ணிக்கொண்டிருந்தோம், ஏறக்குறைய 38 லிட்டர் போயிருந்தது. இரண்டிலும் 150 மில்லிமீட்டர் கியூப் (பலத்தைச் சோதிக்கும் கான்கிரீட் கனசதுரம்) மூன்று மூன்றாக நிரப்பி, பெயர் எழுதி, மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட ஏற்பாடு.

ஒரு வயதான கொத்தனார் கேட்டார். "ஏம்மா, நீங்க சொல்ற தண்ணில கலவை கொழுக்கட்டை மாதிரி நிக்குது. பில்லருக்குள்ள கம்பி இடுக்குல அது எப்படிம்மா இறங்கும்? பலகைப் பெட்டியப் பிரிச்சா தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்தா அதுக்கும் எங்களைத்தான் திட்டுவீங்க."

அவர் சொன்னது முழுக்க சரி. வைப்ரேட்டர் கொண்டுவராத இன்ஜினியர், தண்ணீரைக் குறை என்று மட்டும் சொன்னால் அந்த மனிதர் என்னதான் செய்வார்? இறுகிய கலவையை இறக்க வைப்ரேட்டர் வேண்டும், தேவைப்பட்டால் கலவையை இளக்கும் மருந்து வேண்டும். இரண்டையும் கொடுப்பது எங்கள் வேலை. அவர் முன்னாலேயே அதைச் சொன்னேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் உறுப்பினர்கள் நோட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சங்கத்திலிருந்து முக்கொம்பு அணையைப் பார்க்கப் போவதாக இருந்தது. தள்ளிவைத்தோம். மேட்டூர் அணை போன வாரம் 120 அடியைத் தொட்டுவிட்டது, கொள்ளிடத்தில் வெள்ளம் கரை புரண்டு போகிறது. நேற்று ஆடிப்பெருக்கு. ஆற்றில் தண்ணீர் இல்லாமல் குழாயடியில் பூஜை செய்த வருடங்களை நினைத்தால், வெள்ளத்தால் ஒரு பயணம் தள்ளிப்போனதில் வருத்தமே இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கியூப் போட்டு 28 நாள் முடிந்தது. ஆய்வகத்தை எங்களுக்காக இன்று திறந்துவைத்தார்கள். கொத்தனார்களில் பதினொரு பேர் வந்தார்கள், தேன்கூடு கேள்வி கேட்ட பெரியவரும் வந்தார். 25 லிட்டர் கியூப் சராசரியாகச் சதுர மில்லிமீட்டருக்கு 26 நியூட்டன் தாங்கியது. 38 லிட்டர் கியூப் 15-இல் நொறுங்கியது. அதே சிமென்ட், அதே எம்-சாண்ட், அதே ஜல்லி. வீடுகளுக்கு நாங்கள் வரைபடத்தில் எழுதுவது எம்20, அதாவது 20 நியூட்டன் தாங்க வேண்டும்.

பெரியவர் நொறுங்கிய துண்டு ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஒருவழியாக முக்கொம்பு. இருபத்திரண்டு பேர், ஒரு வேன், இரண்டு கார். பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் மூத்த உறுப்பினர் கூட வந்து விளக்கினார்.

காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிப்போகும். காவிரி மேடிட்டுத் தஞ்சாவூர் வயல்கள் காய்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். ஆற்று மணலில் அடித்தளம் போடும் வித்தையை அவர் கற்றது இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கல்லணையைப் பார்த்து. அதை அவரே எழுதியும் வைத்திருக்கிறார். பாறை தேடிப் போகாமல், மணலிலேயே கல்லைப் போட்டு, அது அமிழ அமிழ மேலே இன்னும் கல் போட்டு நிலைநிறுத்துவது நம் ஆட்கள் முறை. யாரோ பெயர் தெரியாதவர் செய்த வேலையைப் பார்த்து, பல நூற்றாண்டு கழித்து இன்னொருவர் கற்றுக்கொண்டார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அந்த மேலணையில்தான் 2018 ஆகஸ்ட் 22 இரவு 45 மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போனது. 182 வருடம் நின்ற கட்டுமானம். ஏன் என்று ஒற்றை வரியில் சொல்லக்கூடாது என்றார் மூத்த உறுப்பினர். மணல் மேல் நிற்கும் அணைக்கு இரண்டு பக்கமும் பகை உண்டு. அணைக்கு அடியில் ஊறும் தண்ணீர் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். கீழ்ப்பக்கம் விழும் தண்ணீர் படுகையைப் பறிக்கும். வெள்ளம் வடிந்த பிறகு கயிற்றில் எடை கட்டி, கீழ்ப்பக்கம் எவ்வளவு ஆழம் பறிந்திருக்கிறது என்று பார்த்து எழுதி, போன வருடக் கணக்கோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்லி, கயிற்றை எப்படி விடுவது என்று கையால் காட்டினார். இப்போது அங்கே புதிய கதவணை நிற்கிறது. இளைஞர்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பழைய அணையின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது.

செப்டம்பர் 15, ஞாயிறு

பொறியாளர் தினம், விஸ்வேஸ்வரய்யா பிறந்த நாள். இந்த முறை பொன்னாடையும் நினைவுப் பரிசும் வேண்டாம் என்று செயற்குழுவில் பேசி வாங்கிவிட்டேன். அந்தப் பணத்தில் பன்னிரண்டு கியூப் அச்சு வாங்கினோம். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் சைட்டுக்கு எடுத்துப்போகலாம், கழுவி எண்ணெய் தடவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு தளம் போட 16 முதல் 30 கன மீட்டர் வரை கான்கிரீட் ஆகிறது என்றால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்பது மூன்று மாதிரி, அதாவது ஒன்பது கியூப். சின்ன வீடுகளில் எத்தனை பேர் எடுக்கிறோம்? அச்சு கையில் இல்லை என்பதை இனிமேல் யாரும் காரணமாகச் சொல்ல முடியாது.

விஸ்வேஸ்வரய்யா பற்றிப் பேசிய கல்லூரி மாணவி, புனே அருகே கடக்வாஸ்லா அணையில் 1903-இல் அவர் அமைத்த தானியங்கி மதகை அட்டையில் மாதிரி செய்து காட்டினாள். அன்று வந்ததிலேயே நல்ல பேச்சு அதுதான்.

அக்டோபர் 5, சனி

பெட்டியில் மூன்று கடிதம் வந்திருந்தது. முதலில் அவற்றைப் படித்தேன். பில்லருக்குக் கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விடும் கட்டை) வைக்காமல் கம்பி பலகைப் பெட்டியோடு ஒட்டிப்போனது ஒன்று. தளத்துக்கு மூன்றே நாள் தண்ணீர் ஊற்றியது ஒன்று. மூன்றாவது, போர்வெல் உப்புத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் கலவைக்கு ஊற்றியது. அப்புறம் நான் எழுந்தேன்.

2011. ஒரு வீட்டுக்கு முன்பக்கம் நாலரை அடி நீட்டிய பால்கனி. பிடிமானம் ஒரு பக்கம் மட்டும். இப்படி நீட்டியதில் இழுவிசை மேல்பக்கம் வரும், அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். வரைபடத்தில் சரியாகத்தான் போட்டிருந்தேன், கம்பி கட்டியதையும் நேரில் பார்த்தேன். ஆனால் கம்பியைத் தூக்கி நிறுத்தும் சேர் கம்பி போதுமான அளவு வைக்கச் சொல்லவில்லை. கான்கிரீட் போடும் அன்று நான் வேறு சைட்டில் இருந்தேன். ஆட்கள் சட்டியோடு அந்தக் கம்பி மேலேயே நடந்திருக்கிறார்கள், கம்பி கீழே இறங்கிவிட்டது. முட்டுக் கம்புகளைக் கழற்ற ஆரம்பித்தபோது சுவரோரம் மேலே மயிரிழை போல ஒரு விரிசல். உடனே முட்டுக் கம்புகளைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். இடித்துத் திரும்பப் போட்டோம், பாதிச் செலவு என்னுடையது. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். விரிசல் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் தூக்கத்தில் வரும். பதின்மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடங்களில் இந்த அறையில் இருப்பவர்கள் எத்தனை பால்கனி போட்டிருப்பார்கள்!

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு எழுந்தவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், முன்னாள் தலைவர். பெரம்பலூர் பக்கம் கரிசல் மண்ணில் ஒரு வீடு. மண்ணைப் பரிசோதிக்காமல் வழக்கமான ஆழத்தில் அடித்தளம் போட்டிருக்கிறார். மழையில் மண் உப்பித் தூக்கும், கோடையில் சுருங்கி இறங்கும். மூன்றாவது வருடம் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாகப் பிளந்துவிட்டது. அடியில் குமிழ் வைத்த பைல் (ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டிருந்தால் நின்றிருக்கும் என்றார். "அந்த வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டலைம்மா. அதுதான் தாங்கல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு நாலு பேர் பேசினார்கள். ஜூலையில் என்னை எதிர்த்துக் கேட்ட துணைத் தலைவரும் அதில் ஒருவர். அரை மணி நேரம் என்று வைத்தது இரண்டு மணி நேரம் ஓடியது. சாப்பாடு ஆறிப்போனது.

நவம்பர் 9, சனி

சாயங்காலம் வாசலில் பைக் சத்தம். போன வருடம்தான் சங்கத்தில் சேர்ந்த தம்பி ஒருவர், சிமென்ட் சாக்கில் மண்ணோடு நின்றார். "மேடம், அடுத்த வாரம் அடித்தளம் தோண்டணும். மண்ணு கறுப்பா இருக்கு. வெடிப்பும் இருக்கு. ஐயா அன்னைக்குச் சொன்னதுலேர்ந்து தூக்கமே வரல."

முழு மண் பரிசோதனைக்கு ஆய்வகத்துக்குக் கண்டிப்பாகப் போக வேண்டும் என்றேன். அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். மண்ணை உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்துக் கிராமாக இரண்டு அளவுக் குழாயில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. ஒரு நாள் கழித்து இரண்டின் உயரத்தையும் ஒப்பிட்டால் மண்ணின் குணம் தெரிந்துவிடும்.

ஒன்பது மணிக்கு ஊற்றிவைத்தோம். இரண்டு குழாயும் சமையலறை மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இப்போது பதினொன்றேகால். மண்ணெண்ணெயில் 11 மில்லிலிட்டர். தண்ணீர்க் குழாயில் இப்போதே 16 தாண்டிவிட்டது. தம்பிக்கு போன் செய்து, குழி தோண்டும் ஆளை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.