திரும்பி வரும் டப்பா

ஜூன் 1, 2025, ஞாயிறு

நாளை மகளுக்குப் பள்ளி திறக்கிறது. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்த மூட்டைகளில் ஏழு இன்னும் பிரிக்கப்படாமல் கூடத்தில் கிடக்கின்றன. சமையலறை மட்டும் தயாராகிவிட்டது. புதிய டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எவர்சில்வர் டப்பா, சிவப்பு மூடி, மூடிக்குள் சிலிக்கான் வளையம், நான்கு பக்கமும் கொக்கி. மூடி மட்டும் பிளாஸ்டிக்தான். ஐந்தாறு ஆண்டு உழைக்கும் என்பதால் மன்னித்துவிட்டேன். தண்ணீர் நிரப்பித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தபோது ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கும்பகோணத்தில் குழம்பு கசிந்து புத்தகம் நனையும் என்று அடுக்கு டப்பாவை நாள்தோறும் ஒரு பாலிதீன் பையில் சுற்றி அனுப்பினேன். ஓர் ஆண்டுக்கு இருநூறு பைகளுக்குக் குறையாது. அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்று கணவரிடம் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். பழைய அடுக்கு டப்பா இனி எனக்கு.

ஜூன் 2, திங்கள்

நாலே முக்காலுக்கு எழுந்தேன். சாம்பார் சாதம், பீன்ஸ் பொரியல். ஆவி பறக்க அடைத்து, ஏழே காலுக்குப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு, குரோம்பேட்டையிலிருந்து ஏழு ஐம்பது மின்சார ரயிலைப் பிடித்தேன். மாலையில் திறந்து பார்த்தால் சாதம் வைத்தது வைத்தபடி இருந்தது. பொரியல் வைத்த சின்னக் கிண்ணம் மட்டும் காலி. முதல் நாள், புதிய இடம், தொண்டையில் இறங்கியிருக்காது.

ஜூன் 3, செவ்வாய்

தயிர் சாதம். இந்த வெயிலில் அது பன்னிரண்டரை மணி வரை புளிக்காமல் இருக்க வேண்டுமானால் அத்தை சொல்லிக் கொடுத்த முறைதான் ஒரே வழி: பச்சரிசியைக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றி, தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறிய பிறகு ஒரே ஒரு கரண்டி தயிர். பால் உறைந்து தயிராவதும் மணி அடிப்பதும் ஒன்றாக நடக்கும். மாதுளை முத்து கொஞ்சம் தூவினேன். டப்பா காலியாக வந்தது. கழுவியதுபோல் இருந்தது.

ஜூன் 4, புதன்

தக்காளி சாதம். அப்படியே திரும்பியது.

ஜூன் 5, வியாழன்

உலகச் சுற்றுச்சூழல் நாள். இந்த ஆண்டின் கருப்பொருள் பிளாஸ்டிக் மாசை ஒழிப்பது என்பதால், பள்ளியில் பிள்ளைகள் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஊர்வலம் போனார்களாம். ஊர்வலம் முடிந்து ஆளுக்கொரு பழரச அட்டைப்பெட்டி கொடுத்திருக்கிறார்கள். உறிஞ்சும் குழல் காகிதத்தால் ஆனது. அந்தக் குழலைச் சுற்றியிருந்தது பிளாஸ்டிக் உறை. மகள் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து, இதை எந்தக் குப்பைத்தொட்டியில் போடுவது என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

எலுமிச்சை சாதம் வைத்திருந்தேன். முழுவதும் சாப்பிட்டிருக்கிறாள்.

ஜூன் 6, வெள்ளி

கீரை சாதம் போனது, கீரை சாதமாகவே வந்தது. அவருடைய இடமாறுதல் கோப்பு இன்னும் தஞ்சாவூரில்தான் இருக்கிறதாம்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் துணிப்பைகள் நான்கு, தூக்கு ஒன்று எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். காய்காரர் கத்தரிக்காயைப் பையில் நேராகக் கொட்டினார். அவர் தாராளமானவர், கருவேப்பிலையும் கொடுத்தார். மாவுக்கடைப் பையன்தான் என்னைத் தோற்கடித்தான். தூக்கை நீட்டியதும் சரி என்று வாங்கி, மாவைப் பாலிதீன் கவரில் அள்ளி எடைபோட்டு, கவரின் வாயைக் கத்தரித்துத் தூக்கில் கவிழ்த்து, காலிக் கவரைக் காலடியில் எறிந்தான். வெறும் தூக்கின் எடையைக் கழிக்கத் தராசில் பொத்தான் இருப்பதை நான் காட்டிய பிறகு, அடுத்த முறை பார்க்கலாம் என்றான். அடுத்த முறைக்குக் காத்திராமல் வீட்டிலேயே அரைத்துக்கொள்ள வேண்டியதுதான். கிரைண்டர் எந்த மூட்டையில் இருக்கிறதோ.

2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. பால், தயிர், எண்ணெய் உறைகளுக்கு அப்போதே விலக்கும் கொடுத்துவிட்டார்கள். எனவே தினம் இரண்டு பால் பாக்கெட் வீட்டுக்குள் வரத்தான் செய்கிறது. மூலையை முழுவதும் வெட்டி எடுத்துவிடாமல், பாக்கெட்டிலேயே தொங்கும்படி வெட்டுகிறேன். அந்த முக்கோணத் துணுக்கு தனியாக விழுந்தால் பழைய பொருள் எடுப்பவர் பொறுக்க மாட்டார். சாக்கடையில்தான் போய்ச் சேரும். தயிர் மட்டும் வீட்டில் உறை ஊற்றியது.

ஜூன் 9, திங்கள்

மீண்டும் சாம்பார் சாதம். மீண்டும் வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. காலி.

இரவு பத்தரை ஆகிறது, தூக்கம் வரவில்லை. பின்பக்கத்தில் கணக்கு எழுதிப் பார்த்தேன். 2, 4, 6, 9 ஆகிய நாள்களில் சாப்பிடவில்லை. 3, 5, 10 ஆகிய நாள்களில் சாப்பிட்டிருக்கிறாள். ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு நாள் விரதம் இருப்பவள்போல் இருக்கிறது. பருப்பு வந்தால் பிடிக்கவில்லை, புளிப்பு இருந்தால் பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆனால் தக்காளி சாதம் புளிப்புத்தானே. அதோடு, டப்பாவில் தொடாத அதே சாம்பாரை நேற்று இரவு வீட்டில் புதிதாக வைத்துக் கொடுத்தபோது இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள். பசிக்காத பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் பொட்டுக்கடலை டப்பாவில் கை விடுமா? யாராவது அவளுடைய சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறார்களா, பக்கத்தில் உட்கார ஆள் இல்லையா, பேச்சில் இருக்கும் நம் ஊர் வாடையைக் கேட்டுச் சிரிக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது. வகுப்பு ஆசிரியையிடம் கேட்டதற்கு, எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள் என்றார். எல்லாப் பிள்ளைகளையும் பற்றி நான் கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்

பருப்பு சாதமும் நெய்யும். அப்படியே வந்தது. பொரியல் கிண்ணம் வழக்கம்போல் காலி. ஒருவேளை காய் மட்டுமே போதும் என்று நினைக்கிறாளோ?

ஜூன் 12, வியாழன்

தயிர் சாதம், காலி.

அலுவலகத்தில் எங்கள் மேசையில் ஐந்து பேர். மூவர் வரவழைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஒரு சாப்பாட்டுக்கு ஏழு கறுப்புக் கிண்ணங்கள் வருகின்றன, ஊறுகாய்க்குக்கூட ஒன்று. கிண்டியில் மதியம் ஒன்றரைக்கு எங்கள் குப்பைக்கூடையின் மூடி மூடுவதில்லை. நான் எதுவும் சொல்வதில்லை. விடிகாலையில் எழுந்து சமைக்க முடிவது ஒரு வசதி, எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் மகன் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் படிக்கிறான். தட்டு மட்டும்தான் எடுத்துப் போகிறான். காலை உணவும் அங்கேயே, மதியம் சோறும் முட்டையும் அங்கேயே. உறை இல்லை, மூடி இல்லை, கசிவு இல்லை. நான் ஐந்து மணியிலிருந்து செய்கிற இத்தனை ஏற்பாட்டையும் ஒரு தட்டு தோற்கடித்துவிடுகிறது.

ஜூன் 13, வெள்ளி

வெஜிடபிள் சாதம். சொல்ல வேண்டியதில்லை.

மாடிப்படி ஓரத்தில் வைத்த மண்பானை உரத்தொட்டி இரண்டு வாரத்தில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. சமைத்த சோறு சேர்வதால் ஈரம் அதிகமாகிறது. ஒவ்வொரு பிடி சோற்றுக்கும் இரண்டு பிடி தென்னைநார்த் தூளும் காய்ந்த சருகும் போட்டுக் கிளறாவிட்டால் நாறிவிடும். கீழ்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து மாநகராட்சி வண்டிக்கு ஒன்றுமே போவதில்லையே என்று பாராட்டினார். மகிழ்ச்சியாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பீர்க்கங்காய்த் தோல் துவையல் அரைத்தேன். தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாடை போகாது. அத்தை தொலைபேசியில், பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போடு என்றார்.

ஜூன் 16, திங்கள்

சாம்பார் சாதம். திட்டிவிட்டேன். எத்தனை பேர் சோற்றுக்கு இல்லாமல் இருக்கிறார்கள் தெரியுமா என்று, என் அம்மா என்னிடம் சொன்ன அதே வாசகத்தை அதே குரலில் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

புளியோதரை. முந்தின நாளே காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சல். சாதத்தை உதிர உதிர ஆற்றித்தான் கலக்க வேண்டும். காலி.

ஜூன் 18, புதன்

அத்தை பழைய வேட்டியில் தைத்துக் கொடுத்த இரண்டு பைகளும் ஒரே மாதிரி இருப்பதால் இன்று காலை அவசரத்தில் மாறிப்போயின. மகள் என் அடுக்கு டப்பாவைக் கொண்டுபோய்விட்டாள். சிவப்பு மூடி என்னிடம் வந்தது.

மதியம் ஒரு மணிக்கு நான்கு கொக்கிகளையும் எடுத்துவிட்டு மூடியைத் தூக்கினேன். வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினேன், மேசை விளிம்பில் தட்டினேன், முந்தானையால் பிடித்துத் திருகினேன். பக்கத்து மேசை அம்மாள் வாங்கி, கரண்டிக் காம்பை வளையத்துக்கு அடியில் செருகினார். புஸ் என்று காற்று உள்ளே போயிற்று, மூடி கையோடு வந்தது. சூடாக அடைத்திருப்பீர்கள், உள்ளே ஆவி அடங்கியதும் மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் சாப்பிடத் தொடங்கினார்.

2, 4, 6, 9, 11, 13, 16. ஏழு நாளும் சூடாக அடைத்தவை. தயிர் சாதம் ஆறியது, எலுமிச்சை ஆறியது, இட்லி ஆறியது, புளியோதரை ஆறியது. பொரியல் கிண்ணத்துக்கு வளையமே கிடையாது.

நான் சாப்பிடவில்லை.

ஜூன் 19, வியாழன்

நேற்று இரவு தலை வாரிக்கொண்டே கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். முதல் நாள் எவ்வளவோ முயன்றாளாம், நகம் மடங்கி வலித்ததாம். அங்கே பழைய பள்ளியில் ஆயா வரிசையாக வந்து எல்லோருடைய டப்பாவையும் திறந்துவிடுவார். இங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே திறந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டிருக்கலாமே என்றேன். பெயர் தெரியாதே, எப்படிக் கூப்பிடுவது என்றாள். பிறகு, “சில நாள் எனக்குப் பலம் வரும், சில நாள் வராது” என்றாள். மூடி எளிதாக வந்த நாள்களை அவள் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருக்கிறாள். இருபது நிமிடமும் பொரியலை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் பசிக்கவில்லையா என்று கேட்டதற்குப் பசிக்கவில்லை என்று சொன்னது, நான் ஆசை ஆசையாய் வாங்கிய டப்பாவைக் குறை சொல்ல வேண்டாம் என்றுதானாம்.

ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

காலையில் உரத்தொட்டியைக் கிளறப் போனேன். அடியில் நன்றாகக் கறுத்து, மண் வாசனை வரத் தொடங்கியிருக்கிறது. கிளறாமல் மூடி வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஆற்றி அடைத்த சாம்பார் சாதம். காலி.

ஜூன் 22, ஞாயிறு

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சோற்றை அரைகுறைச் சூட்டில் மூடி வைத்தால் ஊசிப்போகும். அரிசியில் உள்ள சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாமல் கிடந்து, வெதுவெதுப்பில் மீண்டும் பெருகும். ஒன்று, ஆவி அடங்காத சூட்டில் வெந்நீர்க் குடுவை மாதிரியான பாத்திரத்தில் போக வேண்டும். அல்லது வேகமாக, முழுவதும் ஆறிப் போக வேண்டும். இடையில் நிற்கக் கூடாது. அதனால் நாலரைக்கு எழுந்து, சாதத்தை அகன்ற தாம்பாளத்தில் விரல்கனம் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைக்கிறேன். கால் மணி நேரத்தில் கைக்குச் சூடு தெரிவதில்லை. பருப்பும் காயும் கலந்த சாதத்தைக் குறைத்துவிட்டேன்; வெயில் தணியும் வரை புளி, எலுமிச்சை, தயிர், இட்லி, கேழ்வரகு அடை. பருப்புக்குப் பதில் சுண்டலும் முளைகட்டிய பச்சைப்பயறும் கிண்ணத்தில் போகின்றன. பயறை இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டால் மறுநாள் விடியலில் கால் விரல் நகம் அளவு முளை விட்டிருக்கும்.

சிவப்பு மூடியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ரவை வைக்கிறேன். எறும்பு வராது.

ஜூன் 24, செவ்வாய்

அடுக்கு டப்பாவில் ரசம் கசிந்து, கணக்கு நோட்டின் நான்கு பக்கம் மஞ்சளாகிவிட்டது. மகள் சிரித்தாள். ரசத்தை யார் வைக்கச் சொன்னது என்று நானும் சிரித்தேன்.

ஜூன் 26, வியாழன்

கோப்பு சென்னைக்கு வந்துவிட்டதாம். யார் மேசையில் என்று தெரியவில்லை. மாலையில் டப்பாவைத் திறக்கும்போது கை இன்னும் ஒரு நொடி நிற்கிறது.

ஜூன் 30, திங்கள்

பாதி எலுமிச்சை சாதம் மீதி வந்தது. அடிவயிற்றில் பழைய பதற்றம். கேட்டால், உப்பு அதிகம் என்றாள். எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன், உண்மைதான். இரண்டு முறை போட்டிருக்கிறேன். இவ்வளவு நிம்மதியாக உப்புக்கரிக்கும் சோற்றை நான் சாப்பிட்டதில்லை.

ஜூலை 2, புதன்

அவர் சனிக்கிழமை வருகிறார், உத்தரவோடு அல்ல, இரண்டு நாள் விடுப்பில். கொல்லையிலிருந்து ஒரு கட்டு இலையும் இரண்டு வாழைப்பூவும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இலையைத் தணலில் வாட்டி அதில் புளியோதரை கட்டிக் கொடுத்தால் மூடியே வேண்டாம், நூலை அவிழ்த்தால் போதும். பூ ஆய ஒரு மணி நேரம் ஆகும். பூவுக்குள் இருக்கும் கள்ளன் நரம்பை எடுக்க மகளையும் உட்கார வைக்கலாம். மோர்த் தண்ணீரை முதலிலேயே கலந்து வைக்காவிட்டால் கறுத்துவிடும்.