அல்டூனா வளைவில் வந்த சிவப்பு எஞ்சின்

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. பென்சில்வேனியாவின் ஹார்ஸ்ஷூ கர்வில் நின்றிருந்தேன். மலையைச் சுற்றிக் குதிரை லாடம்போல் வளையும் 1854-ஆம் ஆண்டு ரயில் பாதை. கீழிருந்து ஒரு சரக்கு ரயில் உறுமிக்கொண்டு ஏறியது. முன்னால் கருஞ்சிவப்பு எஞ்சின், தங்க நிறக் கோடுகள், பக்கவாட்டில் 'பென்சில்வேனியா' என்று எழுத்து! அந்தப் பெயரில் இருந்த ரயில் கம்பெனி ஓடியது 1968 வரைதான். தன்னோடு கலந்த பழைய கம்பெனிகளின் நிறத்தை, இப்போது இந்தப் பாதையை நடத்தும் நார்ஃபோக் சதர்ன் ரயில் கம்பெனி 2012-ல் 20 எஞ்சின்களுக்கு அடித்தது. அதில் ஒன்றுதான் இந்த 8102. கை நடுங்கி, எடுத்த படம் பாதி வானம்.

இங்கே வந்தது பக்கத்து ஊரான அல்டூனாவின் ஸ்டேஷனிலிருந்து டாக்ஸியில். பத்து கிலோமீட்டர்கூட இல்லை. போனில் 25 டாலர் என்றவர், இறங்கும்போது 40 கேட்டார். திரும்பிப் போக வேறு வண்டி இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறார். அநியாயம்! போகிறவர்கள் கட்டணத்தை மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே ஏற 194 படிகள்.

மேலே 7048 என்ற பழைய எஞ்சின் நிற்கிறது. 1955-ல் பென்சில்வேனியா கம்பெனிக்காகச் செய்தது. அப்புறம் பென் சென்ட்ரல், அதற்கும் அப்புறம் கான்ரெயில் என்று மூன்று முதலாளிகளிடம் உழைத்தது.

அந்த பென் சென்ட்ரல் கதைதான் என்னை இங்கே இழுத்து வந்தது. பென்சில்வேனியாவும் நியூயார்க் சென்ட்ரல் என்ற ரயில் கம்பெனியும் பரம வைரிகள். பல ஊர்களுக்கு இரண்டு பேருக்கும் தனித்தனிப் பாதை. நெடுஞ்சாலை லாரிகள் சரக்கைப் பிடுங்கிக்கொள்ள, 1968 பிப்ரவரி 1 அன்று இரண்டையும் பென் சென்ட்ரல் என்று ஒன்றாக்கினார்கள். கம்ப்யூட்டர்கள் ஒத்துப்போகவில்லை, வேகன்கள் எங்கே நிற்கின்றன என்றே தெரியாமல் போனது. அதிகாரிகளும் சிவப்புக் கோஷ்டி (பென்சில்வேனியா), பச்சைக் கோஷ்டி (நியூயார்க் சென்ட்ரல்) என்று பிரிந்தே இருந்தார்கள். 1970 ஜூனில் மஞ்சள் கடுதாசி! இரண்டரை வருடம்கூடத் தாங்கவில்லை. ஓட்டைப் படகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினால் எப்படிக் கரை சேரும்? அந்த இணைப்பு நடந்திருக்கவே கூடாது.

திவாலான ரயில்களை 1976-ல் அரசாங்கம் கான்ரெயில் என்று தூக்கி நிறுத்தியது. 1999-ல் அதையும் பங்கு போட்டார்கள்: நார்ஃபோக் சதர்னுக்கு 58 சதவீதம், சிஎஸ்எக்ஸ் என்ற இன்னொரு ரயில் கம்பெனிக்கு 42. பழைய பென்சில்வேனியா பாதைகள் பெரும்பாலும் நார்ஃபோக் சதர்னுக்கு, நியூயார்க் சென்ட்ரல் பாதைகள் பெரும்பாலும் சிஎஸ்எக்ஸுக்கு. 31 வருடம் கழித்து ஏறக்குறைய பழைய கோட்டிலேயே பிரிந்துவிட்டது!

ஊருக்குத் திரும்பியதும் அகோரப் பசி. ஒரு சின்னக் கடையில் 9 டாலருக்குப் பியரோகி, நம்ம ஊர்க் கொழுக்கட்டை மாதிரி. உள்ளே மசித்த உருளைக்கிழங்கு, மேலே வெண்ணெயில் சிவக்க வதக்கிய வெங்காயம். டாக்ஸிக்காரர் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போனது. இன்னொரு தட்டு சொல்ல ஆசைதான், மறுநாள் டிக்கெட்டுக்குக் காசு வேண்டுமே.

பழைய நிறம் அடித்த அந்த 20 எஞ்சின்களில் 1066 எண் எஞ்சினுக்கு நியூயார்க் சென்ட்ரலின் நிறம். அடுத்த தடவை அது இந்த வளைவில் ஏறுவதைப் பார்க்க வேண்டும், பழைய எதிரியின் தண்டவாளத்தில்.