டேப்பட் சத்தம்: சிவிக் அடங்கியது, லேண்ட் க்ரூஸர் அடங்கவில்லை

வால்வு இடைவெளியைச் சரிசெய்ததில் ஹோண்டா சிவிக் எஸ்ஐஆரில் (இஎஃப்9) டேப்பட் சத்தம், அதாவது இடைவெளி கூடிப்போய் வால்வுப் பாகங்கள் தட்டிக்கொள்ளும் ஓசை, சுத்தமாக நின்றுவிட்டது. பக்கத்தில் நிற்கும் டொயோட்டா லேண்ட் க்ரூஸர் எஃப்ஜே40 இன்னும் டக் டக் என்றுதான் ஓடுகிறது. நான் எதிர்பார்த்தது நேர் எதிர்.

சிவிக்கைத் திறந்தால் யாருக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். 1595 சிசி பி16ஏ இன்ஜின், இரண்டு கேம்ஷாஃப்ட், 16 வால்வு, 7600 ஆர்பிஎம்மில் 160 குதிரைத்திறன். ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் மூன்று ராக்கர்கள் (வால்வை அமுக்கித் திறக்கும் நெம்புகோல்கள்). நடு ராக்கருக்கு அட்ஜஸ்ட் ஸ்க்ரூவே கிடையாது. விரலால் அமுக்கினால் அது தனியாக அசைய வேண்டும், அவ்வளவுதான் சோதனை. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி இன்லெட் 0.15 முதல் 0.19 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.17 முதல் 0.21. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்பதுதான் இதில் பெரிய சௌகரியம். கை சுடாது, அவசரமும் இல்லை. கிராங்க் இடஞ்சுழியாகச் சுற்றும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு 1-3-4-2 என்ற சிலிண்டர் வரிசையில் போனால் வேலை முடிந்தது.

அடுத்தது எஃப்ஜே40-இன் 2எஃப் இன்ஜின். 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், புஷ்ராட் (கீழிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி), 12 வால்வு. கிராங்கை இரண்டே நிலைகளில் நிறுத்தி எல்லா வால்வையும் முடித்துவிடலாம். இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.35, ரொம்ப தாராளம். ஆனால் இதைச் சூட்டில்தான் வைக்க வேண்டும். வால்வு கவரைக் கழற்றிய நொடியிலிருந்து இன்ஜின் ஆறத் தொடங்கும், விரலோ பொசுங்கும்.

சூட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான வில்லன் ராக்கர் நுனிதான். வால்வு தண்டு இத்தனை வருடம் தட்டித் தட்டி அங்கே குழி விழுந்திருக்கிறது. இடைவெளியில் நுழைத்து அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் இரண்டு கரைமேலும் பாலம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. கேஜ் 0.35 என்று சாதிக்கும். நிஜ இடைவெளி அதைவிட அதிகம். எத்தனை கவனமாக லாக் நட்டை இறுக்கினாலும் சத்தம் போகாதது இதனால்தான். அப்புறம் நுனி முள் எவ்வளவு நகர்கிறது என்று காட்டும் டயல் கேஜை எடுத்தேன். முள்ளை ராக்கரின் வால்வுப் பக்க முனைமேல் வைத்து, ராக்கரை மேலும் கீழும் ஆட்டினால் நிஜ அளவு தெரிந்துவிடுகிறது. 2எஃப்பின் ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) வார்ப்பிரும்பு என்பதால் காந்த ஸ்டாண்ட் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. சிவிக்கின் அலுமினிய ஹெட்டில் இந்த வித்தை நடக்காது.

இப்படி முதல் மூன்று சிலிண்டர்களை முடித்தாயிற்று, சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

வால்வு கவர் கேஸ்கெட் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் பட்டை) பற்றி ஒரு புலம்பல். சிவிக்குக்கு 'முழு செட்' என்று ஒருவர் விற்றதில் ஸ்பார்க் ப்ளக் குழாய்க்கான ரப்பர் வளையங்களே இல்லை. வாங்கும்போது எண்ணிப் பார்த்து வாங்குங்கள். எஃப்ஜே40-க்கு கார்க் வேண்டாம், ரப்பரே மேல். கவரைத் திரும்பத் திரும்பக் கழற்றுகிற என்னைப் போன்றவர்களுக்குக் கார்க் தாங்காது.

மீதி மூன்று சிலிண்டர்களுக்கு ராக்கர் ஷாஃப்டையே இறக்கி நுனிகளைத் தீட்டிவிடலாமா என்று யோசனை. அதற்குள் அதே வண்டியின் முன் ஆக்ஸில் நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) சீல் கிரீஸைக் கக்க ஆரம்பித்திருக்கிறது. சீல் செட் வந்துவிட்டது, அதனால் முதலில் அதைத்தான் பிரிக்கப் போகிறேன்.